சித்தியின் மாடும் என் ஆட்டு மூளைகளும்

நான் என்ன படிக்கிறேன் என்று எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. கேட்கிறவர்கள் மேல் அல்ல, நான் சொல்ல வேண்டிய பதிலின் மேல். குளிர் தேசமொன்றில், நோய் கண்டு செத்த செம்மறி ஆடுகளின் மூளையை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்றால், "அப்ப ஆட்டு டொக்டரா?" என்பார்கள். இல்லை. "மனுச டொக்டரா?" அதுவும் இல்லை. "அப்ப என்னாதான் புள்ள நீ?" என்று சித்தி ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டாள். பசறையில் தொடங்கி வெளிநாடு வரை படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு கேள்வியில் கவிழ்ந்துவிட்டது.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. அம்மா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அவள் வீடுதான். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், இன்றும் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்காவது புரிய வைத்துவிட வேண்டும் என்று ஒரு முறை உட்கார்ந்து சொன்னேன். இந்த நோய்க்குக் கிருமி கிடையாது. எல்லா ஆட்டின் உடம்பிலும் இருக்கிற பிரியான் என்ற ஒரு புரதம் தப்பாக மடங்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பதையும் அப்படியே மடங்க வைக்கிறது. வருடக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஆடு வேலியில் உடம்பைத் தேய்க்கும், பின்னங்கால் தள்ளாடும், செத்துப்போகும். நான் பார்ப்பது அந்த மூளையின் டிஎன்ஏவை. அதன் எழுத்துக்கள் மாறுவதில்லை. எழுத்துக்களின் மேல் ஒட்டியிருக்கிற சின்னச் சின்ன அடையாளங்கள்தான் மாறுகின்றன. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பது அந்த அடையாளங்களைப் பொறுத்தது.

"பெரட்டு மாதிரி வெச்சுக்கங்க சித்தி" என்றேன். பெரட்டு என்பது விடியக்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடம். "பேரெல்லாம் புத்தகத்துல அப்படியேதான் இருக்கு. ஆனா புள்ளி விழுந்தவங்கதான் அன்னிக்கு மலைக்குப் போவாங்க. மூளையில இந்த நோவு வந்தா புள்ளியெல்லாம் இடம் மாறிப்போகுது."

சித்தி யோசித்தாள். "நோவு வந்ததால புள்ளி மாறுதா? இல்ல, புள்ளி மாறுனதால நோவு முத்துதா?"

"அதுதான் இன்னும் தெரியல."

"நாலு வருசமாவா தெரியல?"

என் பேராசிரியரும் இதைத்தான் கேட்கிறார், கொஞ்சம் மரியாதையாக. அவருக்கும் நான் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்து வார விடுமுறை எடுத்துக்கொண்டு ஐப்பசியில் ஊருக்கு வந்தேன். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பை இரண்டையும் தூக்கிக்கொண்டு லயத்துக்கு ஏறி வந்தபோது சித்தி வாசலில் இல்லை, மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். கறுப்பும் வெள்ளையுமான அவளுடைய மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. அந்த வரிசையில் ஆறு வீட்டுப் பிள்ளைகள் அதன் பால் குடித்து வளர்ந்தவை. அதற்கு ஒரு தலைவலி வந்தால்கூட லயம் முழுக்க விசாரிக்கும்.

"தொண்டையில என்னமோ சிக்கியிருக்கு போல" என்றாள் சித்தி. "முந்தாநாத்துலருந்து கைய விட்டு விட்டுப் பாக்குறேன். ஒன்னும் அம்புடல."

சொல்லிக்கொண்டே முழங்கை வரை கையைக் காட்டினாள். கொழுந்து பறிக்கிற கையில் கீறலும் வெடிப்பும் எப்போதும் இருக்கும். அதற்கு மேல் மாட்டுப் பல் உரசிய கோடுகள் புதிதாக இருந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மாட்டின் பின்னங்கால்களைப் பார்க்கப் போய்விட்டேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் அந்த மாட்டின் பின்னங்கால்கள் தள்ளாடிக்கொண்டிருந்தன. தொட்டால் திடுக்கிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. நான்கு வருடமாகக் கணினித் திரையில் புள்ளிகளாகவே பார்த்துக்கொண்டிருந்த நோய் இதோ உயிரோடு, என் சித்தி வீட்டுக் கொட்டகையில், கயிற்றில் கட்டியபடி நிற்கிறது என்று நினைத்தேன். மாட்டுக்கும் இதே மாதிரி ஒரு நோய் உண்டு, ஆனால் இந்த நாட்டில் அது வந்ததாக நான் எங்கேயும் படித்ததில்லை. அது என்னை நிறுத்தியிருக்க வேண்டும். மாறாக, குறிப்புப் புத்தகத்தைத் தேடிப் பையைத் திறந்தேன்.

அன்று சாயந்தரமே ஒரு கதையைக் கட்டிவிட்டேன். சித்தப்பா சில வருடம் பண்டாரவளைப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் காவல் வேலை பார்த்தவர். அங்கே சிந்திக் கிடந்த கோழித் தீவனத்தை மூட்டையில் அள்ளி வந்து மாட்டுக்குப் போட்டிருக்கிறார். தீவனத்தில் மிருகத் தூள் இருந்திருக்கலாம். தூளில் ஏதோ ஒரு தேசத்தில் இந்த நோய் கண்ட மாட்டின் எலும்பு இருந்திருக்கலாம். இருக்கலாம் இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போய் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பு வரைக்கும் போய்விட்டேன்.

"டொக்டர கூப்பிடவா?" என்று சித்தப்பா கேட்டார். அரசாங்க மாட்டு டொக்டர் பசறையில் இருந்தார், போன் போட்டால் வருவார்.

"கொஞ்சம் பொறுங்க சித்தப்பா. இது அவருக்குத் தெரிஞ்ச நோவு இல்ல" என்றேன். அந்தத் திமிரை இப்போது எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது?

இரண்டு நாள் மாட்டைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். எத்தனை அடி நடக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எதற்கு மிரளுகிறது. போனில் படம் பிடித்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கோயிலுக்குக் கீழே ரோட்டு வளைவில் நின்றால்தான் கிடைக்கும். ஒரு தடவை நனைந்துகொண்டே போய் அனுப்பிவிட்டு வந்தேன். பதில் வந்ததா என்று பார்க்க மறுபடி அந்த மழையில் இறங்கச் சோம்பல்.

இன்னொன்றும் செய்தேன். மாட்டின் வாயிலிருந்து கயிறு கயிறாக வடிந்த எச்சிலை ஒரு ஜாம் போத்தலில் பிடித்து வைத்தேன். வெறுங்கையால். எங்கள் பரிசோதனைச்சாலையில் உறைந்த மூளைத் துண்டு ஒன்றைத் தொட வேண்டுமானால் கையுறை மேல் கையுறை போட்டு, முகத்துக்கும் மறைப்புப் போட்டு, பெயரெழுதிக் கையெழுத்தும் வைக்க வேண்டும். இங்கே சித்தியின் பழைய துணியால் மாட்டின் வாயைத் துடைத்துவிட்டு, கையைப் பீப்பாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு, சோறு சாப்பிட உட்கார்ந்தேன். விரலில் முதல்நாள் பலாக்காய் வெட்டும்போது பட்ட காயம் இருந்தது. எச்சிலை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று நான் யோசிக்கவே இல்லை. என் ஆராய்ச்சியில் எச்சிலுக்கு வேலையே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் மாடு கத்த ஆரம்பித்தது. அடித்தொண்டையில், நிறுத்தாமல், குரல் கம்மிப்போகும் வரை கத்தியது. சித்தப்பா என்னிடம் கேட்காமலே வளைவுக்கு இறங்கிப் போய் டொக்டருக்குப் போன் போட்டுவிட்டார். என்னிடம் கேட்காமல் அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அது.

டொக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர், பசறையில் இருந்து இருந்தே தமிழ் பழகியவர். கொட்டகைக்கு நாலு முழம் தள்ளியே நின்றுகொண்டார். மாட்டை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"வாய்க்குள்ள கை போட்டது யாரு?"

"நாந்தாங்க" என்றாள் சித்தி, ஏதோ பரிசு கொடுக்கப்போகிறார் என்பது போல. "நல்லா உள்ளுக்கு விட்டுப் பாத்தேங்க. ஒன்னும் சிக்கல."

"வேற யாருக்கு எச்சில் பட்டது?"

பள்ளிக்கூடத்தில் போல நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்காமலே, பிரியானைப் பற்றியும் கோழித் தீவனத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். நான் முடித்ததும், "இருக்கலாம் மிஸ்" என்றார். "ஆனா உங்க நோய நான் புத்தகத்துலதான் பாத்திருக்கேன். இத இந்த ரோட்டுலயே பாத்திருக்கேன். இது வெறிநாய்க்கடி. ரெண்டு பேரும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

எனக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை அவர். வெறிநோய் கண்ட மாடு தொண்டையில் எதுவோ சிக்கியது போல நிற்கும் என்பதும், வளர்த்தவர்கள் கையை விட்டுப் பார்ப்பார்கள் என்பதும், நோய் மனிதருக்கு வெளிப்பட்டுவிட்டால் பிறகு எந்த வைத்தியமும் இல்லை என்பதும், வெளிப்படுவதற்கு முன்னால் ஊசி போட்டால் தப்பிக்கலாம் என்பதும் நான் முதல் வருடத்திலேயே படித்துப் பரீட்சை எழுதியவை. சித்தியின் கை அந்த வாய்க்குள் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. அதில் மூன்று நாள் என்னுடைய நாட்கள்.

"நாயே கடிக்கலீங்க. எனக்கு எதுக்கு நாய்க்கடி ஊசி?" என்றாள் சித்தி.

கத்திப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். மாட்டை இந்த நிலைமையில் விட்டுவிட்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற மாட்டேன் என்று கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பாலைக் காய்ச்சிக் குடித்த பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று டொக்டர் சொன்னதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாளே தவிர, தன் கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்கு அவள் மேல் வந்த கோபம், உண்மையில் யார் மேல் வர வேண்டிய கோபம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் விடிந்தபோது மாடு செத்துக் கிடந்தது. டொக்டர் மறுபடி வந்தார், இம்முறை ஒரு வெண்ணுரை ரெஜிபோம் பெட்டியும் ஐசும் கொண்டுவந்தார். தலையை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

பால் கொடுத்த மாட்டை எங்கள் தோட்டத்தில் யாரும் வெட்டுவதில்லை. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மாலை போட்டு, உப்புக் கொட்டி முழுசாகப் புதைப்பார்கள். புதைக்கும்போது அதன் பால் குடித்த வீடுகளிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். தலையில்லாத மாட்டுக்கு எங்கே பொட்டு வைப்பது?

"என்னைய வெட்டிட்டு அப்புறம் அத வெட்டுங்க" என்றாள் சித்தி.

நான் அவளிடம் பேசினேன். தலை கிடைத்தால் சந்தேகம் தீரும் என்றேன், மற்ற மாடுகளுக்கும் நல்லது என்றேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு உண்மை இருந்தது. டொக்டர் அவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு அந்த மூளை வேண்டியிருந்தது. ஒரு துண்டு கிடைத்தால் போதும். ஒருவேளை அவர் தவறாக இருந்தால்? ஒருவேளை நான் சரியாக இருந்தால்? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "மாட்ட முழுசா பொதைக்க விடு. நான் ஊசிக்கு வாரேன். தலைய வெட்டுனா வர மாட்டேன். எது வேணும்னு நீயே சொல்லு."

டொக்டர் என்னைப் பார்த்தார். "ஊசிக்குத் தலை தேவையில்ல மிஸ். சந்தேகமே போதும். நீங்க சொல்லுங்க" என்றார்.

"வெட்ட வேணாம்" என்றேன். சொல்லிவிட்டு அந்த ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நினைப்பெல்லாம் சித்தியின் மேல்தான் இருந்தது என்று சொல்ல ஆசைதான். பாதி அந்த மூளையின் மேலும் இருந்தது.

கழுவும்போது மாட்டைத் தொடக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சித்தியின் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கை மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டிவிட்டேன். அந்தக் கைகளோடு அவள் தள்ளி நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். பொட்டு வைக்க விரல் வரவில்லை. ஒரு குச்சியில் குங்குமத்தைத் தொட்டு வைத்தாள். அது கோணலாகப் போனதற்கு என்னைத்தான் முறைத்தாள். சித்தப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் வெட்டிய குழி மழையில் சரிந்து சரிந்து வந்தது. ஆறு வீட்டிலிருந்தும் வந்து மண் போட்டார்கள். என் எச்சில் போத்தலையும் டொக்டர் சொன்னபடி வெளுக்கும் திரவம் ஊற்றி அந்தக் குழியிலேயே போட்டேன்.

பதுளைக்குப் போகிற வழியில், பசறை பஸ் தரிப்பிடத்தில்தான் போனை எடுத்துப் பார்த்தேன். பேராசிரியரின் பதில் வந்து கிடந்தது. இரண்டே வரி. முதலில் வெறிநாய்க்கடி இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டாயா? அதுவரை எச்சிலைத் தொடாதே. நான் படம் அனுப்பிய அன்றே எழுதியிருக்கிறார். ரோட்டு வளைவுக்கு இறங்கி நடக்கச் சோம்பல்பட்டு நான் போர்த்திப் படுத்திருந்த மத்தியானம்.

ஆஸ்பத்திரியில் தாதி சித்தியின் கையைப் பார்த்ததும் எங்களை வரிசையிலிருந்து முன்னால் கூட்டிப்போனார். கீறல்களைச் சுற்றிச் சுற்றி ஊசி போட்டார்கள். மலையில் அட்டை கடித்தாலும் குளவி கொட்டினாலும் வாய் திறக்காத சித்தி, என் தோளைக் கடித்துக்கொண்டு அழுதாள். நான்கு முறை வர வேண்டும், ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று ஒரு சீட்டில் திகதி எழுதிக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு சீட்டு.

இரண்டாம் முறை வந்தாள். மூன்றாம் முறைக்குக் காலையில் எழுந்து பார்த்தால் ஆள் இல்லை, மலைக்குப் போய்விட்டாள். செருப்போடு தேயிலைக்குள் ஏறினேன். இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தேன். மேல் மலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு போட்டாச்சே. இன்னிக்கு போனா பேரு போயிரும் புள்ள, ஒரு நாள் சம்பளம்" என்றாள்.

"பேரு போனா போகட்டும். ஆளு போயிருவீங்க!" என்று கத்தினேன். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். கங்காணி ஓடி வந்தார். என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, அவரே சித்தியின் தலையிலிருந்து கூடைக் கயிற்றை இறக்கினார். சித்தியை அப்படியே பதுளை பஸ்ஸில் ஏற்றினேன். காலில் ஏறிய அட்டைகளைப் பஸ்ஸுக்குள்தான் பிடுங்கினேன்.

அந்த மாட்டுக்கு என்ன நோய் என்று இன்று வரை நிச்சயமாகத் தெரியாது. டொக்டர் சொன்னதுதான் என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் நிரூபணம் மண்ணுக்குள் போய்விட்டது. நோய் வந்த மூளையையும் வராத மூளையையும் அருகருகே வைத்தால் எந்த அடையாளம் எங்கே மாறியது என்று என்னால் பக்கம் பக்கமாக எழுத முடியும். கொட்டகையில் நின்ற ஒரு மாட்டைப் பார்த்து, சித்தி, கையைக் கழுவுங்கள், வாருங்கள் ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லத் தெரியவில்லை. அதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அவள் கையைப் பார்த்திருந்தால் போதும்.

கடைசி ஊசி போட்ட அன்று மழை இல்லை. ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, சித்தி கட்டிக் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம். நான் திரும்பிப் போக நான்கு நாள் இருந்தது. முடிந்தது, இனிப் பயமில்லை என்று சொன்னேன். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். கீறல்கள் ஆறிக் கறுத்திருந்தன.

"ஏ புள்ள, நீ படிக்கிற அந்த நோவுக்கும் இப்படி ஊசி இருக்கா?"

"இல்ல சித்தி."

"மருந்து?"

"அதுவும் இல்ல. வந்தா சாக வேண்டியதுதான்."

சித்தி ரொட்டித் துண்டை மென்று விழுங்கினாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

"அப்ப என் மாட்டுக்கு அதுதான் வந்திருக்கணும்னு மூனு நாளா ஏன் அப்படி ஆசப்பட்ட? என் கை அது வாய்க்குள்ள போனது ஒனக்குத் தெரியுந்தானே?"

"தெரியும் சித்தி" என்றேன்.